இடது சேனல் கட்டிய மத்தியானம்

ராயபுரம்,
6-1-1975

அன்புள்ள சண்முகவேலுக்கு,

லூயிஸ் எழுதுவது. இங்கே ஐரீனும் குழந்தை ஹில்டாவும் சுகம். அங்கே சீனியம்மாளும் பிள்ளைகளும் சுகம் என்று நம் கம்பெனி மாசானம் சொல்லக் கேட்டேன். நீ எண்ணூரில் ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டிருப்பதைச் சொன்னதும், விலாசம் கொடுத்ததும் அவன்தான்.

நேராகவே வந்திருக்கலாம். ஒரே பஸ்தான். இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் பாதி வழியில் திருவொற்றியூரிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நாம் சேர்ந்து கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர் என் வீட்டில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரிக்கார்டு போட்டோம். வலது ஸ்பீக்கர் பாடுகிறது, இடது செத்துக் கிடக்கிறது. இங்கே ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ரகுபதி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அடித்தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, ரைட்டு ஒரு தினுசா கீது, லெப்ட்டு வேற தினுசா கீது. கட்னவனையே இட்டுகினு வா. நான் கை வெச்சா பேஜாரு" என்று சொல்லி மூடிவிட்டான். வலதைக் கட்டியவன் நான், இடதைக் கட்டியவன் நீ. படம் எதுவும் வரைந்து வைக்கவில்லை நாம்.

என்ன செய்யலாம் என்று ஒரு கார்டு போட்டாலும் போதும்.

என்றும் அன்புடன்,
லூயிஸ்

எண்ணூர்,
13-1-1975

திரு. லூயிஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கடை வேலை அதிகம். நேரில் வர வசதிப்படாது. கீழே எழுதியிருப்பதைச் செய்து பார்க்கவும். ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அணைத்த பிறகே கை வைக்கவும்.

பின்பக்கம் ஸ்பீக்கர் வயர்கள் இரண்டையும் இடம் மாற்றவும். இடது ஸ்பீக்கர் பாடி வலது ஊமையானால் ஸ்பீக்கரில் பழுதில்லை. பிறகு ரிக்கார்டு பிளேயரிலிருந்து வரும் பிளக்குகளை மாற்றவும். அதற்கும் மசியாவிட்டால் இடப்பக்கத்து வால்வுகளை வலப்பக்கமும், வலப்பக்கத்தவற்றை இடப்பக்கமும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவும். இந்த ஊமைத்தனம் எதனோடு நகர்கிறதோ அதுதான் கெட்டது. எதனோடும் நகராவிட்டால் எழுதவும்.

ஈயம் பற்றவைத்த இடம் எதுவும் விட்டுப்போயிருக்காது. அவசரமில்லாமல் செய்த வேலை அது.

இப்படிக்கு,
செ. சண்முகவேல்

ராயபுரம்,
20-1-1975

அன்புள்ள சண்முகவேலுக்கு,

"தங்கள்" என்று எழுதியிருக்கிறாய். சரி. எனக்கு வேண்டியதுதான்.

சொன்னபடியே செய்தேன். ஸ்பீக்கர் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பிளக்கை மாற்றினாலும் இடது சேனல்தான் ஊமை. வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். எல்லாம் எரிகின்றன, எல்லாம் வலப்பக்கத்தில் பாடுகின்றன, இடப்பக்கத்துக்குப் போனதும் வாயை மூடிக்கொள்கின்றன. ஆகவே கோளாறு அடித்தட்டுக்குள்ளேதான், உன் கை வேலைக்குள்ளே. உன் பக்கத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். வயரெல்லாம் மாதா கோயில் பெஞ்சு மாதிரி வரிசையாக இருக்கிறது. என் பக்கம் வலை பின்னிய கோலம். வெட்கமாக இருந்தது.

ஹில்டாவுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. பாட்டுப் போட்டால் ஊமை ஸ்பீக்கருக்கு முன்னால் போய் உட்கார்ந்து தட்டுகிறாள். அது தூங்குகிறது என்று அவள் கணக்கு.

இனி என்ன செய்ய வேண்டும்?

அன்புடன்,
லூயிஸ்

எண்ணூர்,
28-1-1975

லூயிஸுக்கு,

இனிமேல் செய்யப்போவது ஆபத்தான வேலை. கவனமாகப் படி. ரகுபதியிடம் மீட்டர் கேட்டு வாங்கிக்கொள். மெயினைப் போட்டு அளக்கும்போது இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொள். ஒற்றைக் கையால்தான் தொட வேண்டும். குழந்தையை அறைக்குள் விடாதே.

சின்ன வால்வின் ஆறாம் காலில் அளந்து பார். உன் பக்கம் நூற்றைம்பது வோல்ட் அளவில் காட்டும். என் பக்கம் ஒன்றும் காட்டாது என்று நினைக்கிறேன். அந்தக் காலிலிருந்து பழுப்பு, கறுப்பு, மஞ்சள் கோடு போட்ட ஒரு ரெசிஸ்டர் போகும். அதன் மறுமுனையில் கரண்ட் இருந்து, இந்த முனையில் இல்லையென்றால் அது உள்ளேயே அறுந்துவிட்டது. வெளியே பார்த்தால் தெரியாது. புதிது ஒன்றைப் பஞ்சில் சுற்றிக் கவருக்குள் வைத்திருக்கிறேன். மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்து மாற்று.

கம்பெனி என்னை வெளியே அனுப்பியதை எதிர்த்துப் போட்ட வழக்கு மார்ச் பன்னிரண்டாம் தேதி லேபர் கோர்ட்டில் வருகிறது. அந்த வாரம் கடை மூடியிருக்கும். கடிதம் போட்டால் பதில் தாமதமாகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சண்முகவேல்

ராயபுரம்,
13-2-1975

அன்புள்ள சண்முகத்துக்கு,

ஆறாம் காலில் ஒன்றுமில்லை. நீ சொன்ன ரெசிஸ்டர்தான். மாற்றினேன். இடது சேனல் பாடியது. ஹில்டா கைகொட்டினாள். என்னால்தான் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

அந்த இடது சேனலை நீ எப்போது கட்டினாய் என்று எனக்குத் தெரியும். ஸ்டிரைக்கின் முப்பத்தெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்தாய். விளக்கேற்றும் வரை தரையில் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தாய். நடுவில் ஐரீன் இரண்டு தடவை டீ கொடுத்தாள். அன்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் மண்டை உடைந்தது.

மறுவாரம் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். ஒரு தாளைத் தள்ளினார். "சண்முகவேல் கல் எறிந்ததைக் கண்ணால் கண்டேன்" என்று டைப் அடித்திருந்தது. "கையெழுத்துப் போடு, நாளைக்கே ஷிப்டுக்கு வா" என்றார். ஐரீனுக்கு அப்போது எட்டு மாதம், உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று இவ்வளவு காலமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். படித்துத்தான் போட்டேன்.

ஐரீனிடம் போன வாரம்தான் சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை. நேற்று சாம்பல் புதன், தவசு காலம் ஆரம்பம். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தேன் என்றதும் வாயைத் திறந்தாள். "அந்தாளு எண்ணூர்ல கீறாரு. நீ சாமியார் காதுல சொல்லிகினு கீற" என்றாள்.

கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொல்கிறேன். உன் வக்கீலிடம் சொல்.

லூயிஸ்

எண்ணூர்,
20-2-1975

லூயிஸுக்கு,

எனக்குத் தெரியும். கம்பெனி விசாரணையில் அந்தத் தாளை என் முன்னால்தான் வைத்தார்கள். உன் கையெழுத்தை நான் அறியமாட்டேனா? "மூன்று மணிக்கு எங்கே இருந்தாய்?" என்று கேட்டார்கள். அந்தக் கையெழுத்துக்காரன் வீட்டில்தான் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் உனக்கும் அன்றைக்கே வேலை போயிருக்கும், எட்டு மாதக்காரியோடு நீ தெருவில் நின்றிருப்பாய். சும்மா இருந்துவிட்டேன். இதைப் பெருந்தன்மை என்று நினைக்காதே. அன்று மாலையே உன்னை அடிக்க வேண்டும் என்று ராயபுரம் வரை வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நீ ஐரீனைக் கைத்தாங்கலாக ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டிருந்தாய். திரும்பி நடந்துவிட்டேன்.

நீ வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். சொல்லிவிட்டாய். அது போதும். கோர்ட்டுக்கு வராதே. வந்தால் உன்னைச் சும்மா விடமாட்டார்கள். எனக்குக் கடை இருக்கிறது. உனக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை.

சண்முகவேல்

ராயபுரம்,
3-3-1975

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் வக்கீலை நானே தேடிப் போய்ப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி வருகிறேன். ஐரீனும் வருகிறாள். "டீ போட்டுக் குட்த்தவ நானு. என்னிய கேக்கட்டும்" என்கிறாள். எங்களைத் தடுக்காதே.

லூயிஸ்

எண்ணூர்,
21-3-1975

அன்புள்ள லூயிஸுக்கு,

கம்பெனி உன்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டது என்று மாசானம் நேற்று வந்து சொன்னான். நான் சொன்னதை நீ கேட்டிருக்கலாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

கோர்ட்டில் அன்று உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டேன். கம்பெனி வக்கீல், "இரண்டரை வருஷமாக ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?" என்று அதட்டினாரே, நினைவிருக்கிறதா? ஏதாவது காரணம் சொல்லித் தப்பிப்பாய் என்று நினைத்தேன். "பயந்துட்டேன் சார். இப்பவும் பயமாத்தான் கீது" என்றாய். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். ஐரீன் என்னைத் தேடினாளாம். மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

தீர்ப்பு வர மாதக்கணக்காகும் என்கிறார் வக்கீல். ஜெயித்தாலும் அந்தக் கேட்டுக்குள் மறுபடி நுழைவேனா என்று தெரியவில்லை. உன் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. சில நாள் இல்லை, சில நாள் இருக்கிறது. கூடவே இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறாள் சீனியம்மாள்.

கடையில் ரேடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. நீ பற்றவைத்தால் பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை செய்யும். இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கடை திறப்பேன். திருவொற்றியூரில் இறங்கிவிடாதே.

ஐரீனைச் சோறு கட்டச் சொல்ல வேண்டாம். தவசு காலத்தில் உங்கள் வீட்டில் கறி தொடமாட்டீர்கள், மீன் ஆகும் என்று சீனியம்மாளிடம் சொல்லிவிட்டேன். உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கப் போகிறாள்.

அன்புடன்,
சண்முகம்