அக்காவின் போன் நம்பர்

லாங் ஐலண்ட், அந்தமான்
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரூபாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். சுகம் என்று எழுத, அக்கா போனதிலிருந்து கை வரமாட்டேன் என்கிறது, அதனால் உங்கள் வீட்டுச் சுகத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை கோகுலுக்கு இருமல் நின்றதா. இங்கே மழை விட்டுப் பதினைந்து நாளாகிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி, ஆனாலும் தினமும் போட் வந்து நிற்கிற ஜெட்டி வரைக்கும் நடந்து போகிறார், போட் வருகிற நாளும் போகிறார் வராத நாளும் போகிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, உன் பள்ளிக்கூடத்தில் டேப்லெட்டும் ஆப்பும் வாங்கப் போகிறார்கள், எது நல்லது என்று பார்த்துச் சொல்ல உன்னையும் லைப்ரரி டீச்சரையும் போட்டிருக்கிறார்கள், அக்கா இங்கே எப்படிப் பார்த்து எடுத்தாள் என்று. பள்ளிக்கூடத்தில் சோறு வடிக்கிறவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும் என்று சொல்லி லைனை வைத்துவிட்டேன். அது பொய் தாயி. எனக்கு எல்லாம் தெரியும். போனில் சொன்னால் பாதியில் லைன் அறுந்துபோகும், அறுந்துபோனால் நல்லது என்று நானும் விட்டுவிடுவேன், அதனால்தான் ஐந்தாங்கிளாஸ் எழுத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா பார்த்துக்கொண்ட எங்கள் பள்ளிக்கூட லைப்ரரிக்கு எதை வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது வெளியிலிருந்து ஒருவர் வந்து சுவரில் படம் காட்டினார். எழுத்தெல்லாம் ஆடியது பாடியது, டீச்சர்மார் கை தட்டினார்கள். உன் அக்கா மட்டும் அந்த டேப்லெட்டை வாங்கிக்கொண்டு என் சமையல்கட்டுக்குப் பின்பக்கம் வந்தாள், அங்கே சிக்னல் ஒரு கோடுகூட வராது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நான் பருப்பை வேகவைத்து இறக்கிவிட்டேன், அது இன்னும் சுற்றியது. நம்ம தீவுல பாதி நாளு இப்படித்தானம்மா இருக்கும், பிள்ளைக வட்டத்தையா படிக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னொன்று பிள்ளை பேர், அப்பா பேர், ஜாதி, போட்டோ எல்லாம் கேட்டது, நரிக்கதை படிக்க ஜாதி எதுக்கு என்று அதையும் வேண்டாம் என்றாள். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வந்தது, சோப்பு டப்பா அளவுதான், புத்தகமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், நெட் இல்லாமலே டேப்லெட்டில் படிக்கலாம், பிள்ளைகள் தங்கள் குரலில் படித்துப் பதிந்தும் வைக்கலாம். அதை அவள் எந்த வாத்தியாரிடமும் கொடுத்துப் பார்க்கவில்லை, என்னிடம் கொடுத்தாள். இந்தாம்மா நீ தொற, நீ தொறந்துட்டா ரெண்டாங்கிளாஸ் வங்காளிப் பிள்ளையும் தொறந்துரும் என்றாள். நான் எட்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன், எட்டையும் நோட்டில் எழுதி, கம்பெனிக்காரனிடம் சண்டை போட்டு ஏழு இடத்தைச் சரிபண்ண வைத்தாள். எட்டாவது, பதிந்த குரலைக் கேட்கிற பொத்தான், அது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. சரியாகப் பதிகிறதா என்று பார்க்க அவள் முதலில் தன் குரலைத்தான் பதிந்தாள், என்னையே மேடமாக்கி, ஒச்சம்மா மேடம் சாம்பாரில் இன்னைக்கும் உப்புக் கம்மி என்று. சமையல்கட்டில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அந்தப் பெட்டிக்கு ஒரு போன் நம்பர் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது கேட்கும், அந்த நம்பருக்கு வருகிற எண்ணைப் போட்டால்தான் மறுபடி திறக்கும். பள்ளிக்கூடத்துக்கென்று நம்பர் இல்லை, பெரிய மேடம் தன் நம்பரைத் தர மாட்டேன் என்றார். கம்ப்யூட்டர் வாத்தியார் நாகலிங்கம், அந்தப் பாம்பூபிளாட் ஊர்க்காரர், ரெண்டு நம்பர் கொடுக்கலாம், உங்களோடதும் என்னோடதும் போடுங்க, ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு இருக்கும் என்று அக்காவிடம் சொன்னாராம். அன்று சாயங்காலம் அக்கா அதை வீட்டில் சொன்னதும் எனக்குப் பிடித்தது பார் கோபம். கல்யாணமாகாத பிள்ளை நம்பரையும் ஒரு ஆம்பளை நம்பரையும் சேர்த்து எழுதி வச்சா ஜெட்டி வரைக்கும் பேசுவாங்க, உசிலம்பட்டியிலயிருந்து ஜாதகம் வந்திருக்கிற நேரத்துல இது தேவையா என்று கத்தினேன். பத்திரிகையா அடிக்கப் போறோம், பூட்டுக்கு ரெண்டு சாவிம்மா என்று அவள் சிரித்தாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். காலையில் அவளே வந்து, சரி விடு, என் நம்பர் மட்டும் இருக்கட்டும், நான் எங்க போயிரப் போறேன் என்றாள். ரூபா, இந்த ஒரு வார்த்தையை நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் அடுப்பு மூட்டுகிறேன்.

ஆவணியில் அவள் போனாள். நீ வந்து சேர்ந்தது ஐந்தாம் நாள், கடல் கொந்தளித்து போட் நின்றதற்கு நீ என்ன செய்வாய், உன் மேல் குறையில்லை. மூன்றாம் நாளே எலும்பைக் கரைத்துவிட்டோம். அன்று சட்டியோடு அவள் சீப்பு, கண்ணாடி, அந்தப் போன் மூன்றையும் மஞ்சள் துணியில் முடிந்து, கடலில் விடச் சொல்லி அப்பா கையில் கொடுத்தேன். போனைக் கையிலிருந்து இறக்காத பிள்ளை, போகிற இடத்தில் தேடுவாளே என்று நினைத்தேன், வேறொன்றும் தோன்றவில்லை. நீ வந்து அக்கா போனில் இருக்கிற போட்டோ வேண்டும் என்று பீரோவையும் பையையும் தேடினாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அவசரத்தில் படகில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். இவளுக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா என்று நினைப்பாயே என்ற வெட்கம். பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்.

கார்த்திகையில் பெட்டி அந்த எண்ணைக் கேட்டது. யாராலும் திறக்க முடியவில்லை. நாற்பது பிள்ளைகள் தமிழிலும் ஹிந்தியிலும் வங்காளத்திலும் படித்துப் பதிந்த கதையெல்லாம் உள்ளே கிடக்கிறது, பங்குனி முடிவதற்குள் திறக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமாம். போன் எங்கே என்று என்னிடம் வந்து கேட்டார்கள், உன்னிடம் சொன்ன அதே பொய்யைச் சொன்னேன். பிறகு பேச்சு நாகலிங்கம் சார் பக்கம் திரும்பியது. கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர்தானே, அவர்தான் எதையோ மாற்றிப் பூட்டி வைத்துக்கொண்டு பந்தா காட்டுகிறார் என்றார்கள், பெரிய மேடம் அவரிடம் விளக்கம் எழுதியும் கேட்டுவிட்டார். அவர் மத்தியானம் தட்டை நீட்டுவார், நான் சோறு போடுவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். இரண்டு மாதம் இப்படி ஓடியது. பொங்கல் கழித்து ஒருநாள் அப்பா ஜெட்டியிலிருந்து வந்து உட்கார்ந்தார். எலும்பு கரைச்ச அன்னைக்கு டிங்கிப் படகு ஓட்டினது அந்த வாத்தியாருதான், துணி அவிழ்ந்து போன் தண்ணியில எறங்கினதை அவரும் பார்த்தாரு, அந்த மனுசன் வாயைத் தொறக்கல, நீயாவது தொற என்றார். அவ்வளவுதான் சொன்னார், காலைக் கழுவப் போய்விட்டார்.

நேற்று எல்லா டீச்சரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது கரண்டியை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில். பெரிய மேடம் பெஹலே போல்னா தா நா அம்மா என்றார், முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. அப்புறம் நாகலிங்கம் சார் பக்கம் திரும்பினார். சார் நிமிராமல், அம்மா கொஞ்சம் பருப்பு ஊத்துங்க என்று தட்டை நீட்டினார். நான் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். அவர் தட்டுக் கழுவ வந்தபோது ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க மகளுக்குக் குடுத்ததை நான் எப்படிம்மா ஊருக்குச் சொல்றது என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். ரீசார்ஜ் போடாமல் விட்டால் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம், அதனால் அவர்தான் ஆவணியிலிருந்து அக்கா நம்பருக்கு விடாமல் போட்டுக்கொண்டு வருகிறார். அக்கா நம்பருக்குப் பக்கத்தில் நான் எழுதவிடாத நம்பர்காரர், அவள் நம்பரைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார் ரூபா.

சிம் யார் பேரில் வாங்கினது என்று கேட்டார், அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் போர்ட் பிளேர் போயிருந்தபோது அக்கா கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் உன் ஆதாரைக் காட்டித்தானே வாங்கினாள். அப்படியானால் நீ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் அதே நம்பருக்கு வேறு சிம் கிடைக்குமாம். மாசியில் லீவு போட்டு வா. போர்ட் பிளேருக்கு அப்பாவை அனுப்புகிறேன், இரண்டு பேருமாக சிம்மை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திறந்ததும் முதல் வேலையாக இரண்டாவது நம்பர் என்ற இடத்தில் நாகலிங்கம் சார் நம்பரை நானே போடுவேன், ஜெட்டி வரைக்கும் பேசட்டும்.

உன் பள்ளிக்கூடத்துக்கு நீ எதை எடுத்தாலும் முதலில் அங்கே சமைக்கிறவளிடம் கொடுத்துப் பார். சிக்னல் செத்த இடத்தில் வைத்துப் பார். ஒருத்தர் நம்பரை மட்டும் நம்பி எதையும் பூட்டாதே, அவர்கள் எங்கே போகப் போகிறார்கள் என்று நினைக்காதே. வெந்நீர் குடி, ஸ்கூட்டரில் மெதுவாகப் போ. குலதெய்வம் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையில்லாமல் வைக்கட்டும். ஆதார் கார்டை இப்போதே பையில் எடுத்து வை.

பெட்டியைத் திறக்கிறபோது என் கையில் கொடுங்கள், ஏழு இடமும் எனக்கு மறக்கவில்லை. எட்டாவது இடத்தில் மட்டும் நீ பக்கத்தில் இருந்து அழுத்திக் காட்டு. உப்புக் கம்மி என்று அவள் சொல்வதை நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ரா. ஒச்சம்மா