குறைத்துச் சொன்ன ஏழு நிமிடம்

காஜா பெராங், மலாக்கா
3-8-1958

அன்புள்ள மகன் கருணாகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் கைகால் சுகத்தோடு இருக்கிறேன், அங்கே பினாங்கில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது, மூன்று தடவை படித்தேன், நாலாவது தடவை பக்கத்து வீட்டு மீனாச்சிக்குப் படித்துக் காட்டினேன், தலைமுறையாக மலாய் பேசும் மலாக்கா செட்டி வீட்டுப் பெண் அவள், நம் தமிழ் பாதிதான் புரியும், மீதியை மலாயில் சொன்னேன். அவள் தினமும் வேலியோரம் நின்று சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், ஆமாம் என்கிறேன். ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, இரண்டு பேருக்குப் பொங்கி மறுநாளும் அதையே தின்கிறேன். அப்பா போனபோதுகூட நீ இருந்தாய், இப்போது வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, உன் பந்தய விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியில் மெர்டேக்கா சுதந்திர தினத்தன்று உங்கள் ஆபீஸ் விளையாட்டுச் சங்கத்தில் ஒரு மைல் நீச்சல், முப்பது மைல் சைக்கிள், பத்து மைல் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில் என்று வைத்திருக்கிறார்களாமே, யாருக்குத்தான் இந்த யோசனை வந்ததோ, அவனை வீட்டில் கேட்க ஆளில்லை போலிருக்கிறது. நீயும் நாலு மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாய். ஆனால் பினாங்கு வந்ததிலிருந்து ஆறு மைல் ஓட்டத்துக்கு ஏழு நிமிடம் கூடுதலாகிறது, உடம்பில் என்னவோ குறைந்துபோய்விட்டது, அதை மீட்கக் காலையும் மாலையும் ஓடுகிறேன், மீளும்வரை லீவு எடுத்து ஊருக்கு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். முழங்கால் வீங்கியிருப்பதை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினால் அம்மா கண்ணில் படாது என்று நினைத்தாயாக்கும்.

கருணா, உன் உடம்பில் ஒன்றும் குறையவில்லை. பொய் சொன்னவள் நான். இங்கே இருந்தபோது நீ செமாபோக் வரை போய்த் திரும்பும் ஆறு மைலையும் ஓடி வந்து வாசற்படியில் விழுந்து, எத்தனை நிமிடம் அம்மா என்று கேட்பாய். நான் உள்ளே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்பத்தைந்து என்பேன், நீயும் நோட்டில் எழுதிக்கொள்வாய். ஒரு நாளும் அது நாற்பத்தைந்து இல்லை. ஐம்பத்திரண்டு, மழை நாளில் ஐம்பத்தைந்து. முதலில் ஒரு நாள் உள்ளதைச் சொன்னேன், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி ஓடப் போய்விட்டாய், சோறு ஆறிப்போயிற்று. குறைத்துச் சொன்ன நாளில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாய், கதை பேசினாய். அந்த ருசியில் பழகிவிட்டேன். புக்கிட் ரம்பாய்க்கு நீ சைக்கிளில் போய்வந்த நேரத்திலும் கை வைத்திருக்கிறேன், கடலில் நீந்தியது மட்டும் நீயே பார்த்த கணக்கு. உன்னை வீட்டில் உட்கார வைக்கச் சொன்ன பொய் இப்போது உன்னை வீட்டுக்கே வரவிடாமல் செய்கிறது, எனக்கு நன்றாக வேண்டும்.

உன் கடிதம் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை, சைக்கிள் கடை நடராஜனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சின்ன வயதில் ரேஸ் ஓட்டியவர் அல்லவா. அவர் சிரிக்கவில்லை. வெறுமனே ஓடுற வேகம் வேறக்கா, முப்பது மைல் மிதிச்ச காலோட ஓடுற வேகம் வேற, பத்து மைலுக்கு ஒண்ணே முக்கால் மணி போட்டுக்கச் சொல்லுங்க என்றார். சைக்கிளுக்கு இரண்டு மணி, நீச்சலுக்கு முக்கால், உடுப்பு மாற்றவும் தண்ணீர் குடிக்கவும் கால் மணி, ஆக நாலே முக்கால். வெயில் ஏறினால் ஐந்துகூட ஆகுமாம், ஆபீஸ் வேலை பார்க்கிற பிள்ளைக்கு அதுவும் நல்ல நேரம்தானாம். ஓட்டத்தில் முதல் நாலு மைலை ஆமை மாதிரி ஓடச் சொன்னார். நாலு என்று சொன்ன வாயால் ஐந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தால், எங்கள் வீட்டுக் கடிகாரம் பழுது என்று சொல்லிவிடு, யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு, வீக்கம் வடியும்வரை ஓடாதே. பந்தயத்தில் கடைசியாக வந்தாலும், நடந்தே வந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆத்தா உன்னைக் காக்கட்டும், நீ தீர்க்காயுசாக நன்றாக இருக்க வேண்டும். தம்பின் ஸ்டேஷனில் எந்த ரயிலில் வந்து இறங்குகிறாய் என்று மறக்காமல் எழுது. என்மேல் கோபம் வந்தால் அதைப் பினாங்கிலேயே வைத்து ஆறவிடாதே, கோபத்தோடேயே வா. வந்து வாய் நிறையத் திட்டு. இந்த வீட்டில் அம்மா என்ற சத்தம் கேட்டு ஏழு மாதம் ஆகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலவேணி