பிளாஸ்திரி ஒட்டிய சுவிட்ச்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய புது பிரிண்டர் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன். கோபித்துக்கொள்வாய், தாராளமாகக் கோபித்துக்கொள், ஆனால் இதை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குத் தாள் அச்சடிக்க நான் படும் பாடு உனக்குத் தெரியும். முன்னறையில் நான், பின்னறையில் அப்பாவின் கம்ப்யூட்டர், அதோடு கேபிளால் கட்டிப்போட்ட பழைய பிரிண்டர். ஒவ்வொரு தடவையும் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு வைஃபை கிடையாது, தூக்கிப் போடும்மா என்று போனில் சொன்னாய் பார், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து அப்பாவின் கம்ப்யூட்டரில் பிரிண்டர் செட்டிங்கைத் திறந்து, வீட்டிலுள்ள மற்ற கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தலாம் என்கிற கட்டத்தில் டிக் போட்டு, அதற்குக் கிழவன் என்று பெயரும் வைத்தேன். என் லேப்டாப்பில் தேடினால் கிழவன் சமர்த்தாக வந்து நின்றான். யாரையும் கேட்கவில்லை, உன்னையும்தான்.

ஆனால் பிரிண்ட் கொடுத்தால் சத்தத்தையே காணோம். மறுபடி கொடுத்தேன், மறுபடியும் கொடுத்தேன். உன் அப்பாவைத்தான் தெரியுமே, நீ உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர், சுவரில் ஒரு சுவிட்ச் போட்டிருந்தால் கை சும்மா இருக்காது. அவர் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால்தான் நான் அனுப்புவது அதன் வழியாக பிரிண்டருக்குப் போகும். அவர் அதை அணைத்து வைத்திருக்க, நான் அனுப்பியதெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்திருக்கிறது. சாயங்காலம் சீட்டாட அவர் கம்ப்யூட்டரைப் போட்டதும் அத்தனையும் கொட்ட ஆரம்பித்தது. அவர் கத்துவது கேட்டு நான் எழுந்திருப்பதற்குள், பாப்பா, அவரே வந்துவிட்டார். பக்கவாதத்தில் இடது கால் சோர்ந்ததிலிருந்து கட்டில், நாற்காலி, பக்கத்துக் குளியலறை தவிர எங்கும் அடி எடுத்து வைக்காத மனுஷன், ஒரு கையில் சுவரையும் மறு கையில் தாள்களையும் பிடித்துக்கொண்டு முன்னறை வாசலில் நிற்கிறார். ஒரே கணக்கை எத்தனை வாட்டி அடிப்பே, உனக்கென்ன மூளை குழம்பிப்போச்சா என்று பிள்ளைகள் எதிரிலேயே திட்டுகிறார். திட்டு வாங்கிக்கொண்டே அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற அம்மா கெஞ்சியும் நடக்காதவர், நீ போனில் அழுதும் நடக்காதவர். அதனால் இப்போது நான் தாள்களை மொத்தமாக அனுப்புவதில்லை. ஒன்று அனுப்புவேன், அவர் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்ததும் அடுத்ததை அனுப்புவேன். கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்துவிடக் கூடாதே என்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, தொடாதே என்று எழுதியும் வைத்தேன். உன் சின்ன அத்தை வந்து பார்த்துவிட்டு, முடியாத மனுஷனை இப்படி அலைக்கழிக்கிறீங்களே அண்ணி, உங்களுக்கு இரக்கமே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். உனக்கும் அதே பதில்தான். முன்னறையில் புது பிரிண்டர் வந்து உட்கார்ந்துவிட்டால் அவர் எதற்காக எழுந்திருப்பார், சொல். இந்த வீட்டில் எந்த மிஷின் எந்த அறையில் இருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், அவர் மனசு நோக வேண்டாம். தலைவலி என்றாயே, கண்ணைக் காட்டினாயா? இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கடைக்கு எழுதி, பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்பச் சொல், மறந்துவிடாதே. இதையும் இப்போது கிழவனுக்குத்தான் அனுப்பப் போகிறேன். கொண்டுவரும் வழியில் அப்பா படித்துவிட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். வெளிப்படட்டும், எனக்கென்ன பயம்.

உன் பிடிவாதக்கார
அம்மா

பாப்பா, இது அப்பா, பேனாவில் எழுதுகிறேன். நடையில் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல். உன் அம்மா ஒட்டிய பிளாஸ்திரி மறுநாளே உரிந்து விழுந்துவிட்டது. நான்தான் எடுத்துத் திரும்ப ஒட்டி வைத்திருக்கிறேன்.