பகல் பன்னிரண்டுக்குள்

கிரிம்ஸ்பி
மே 6

அன்புத் தங்கை தம்சின்,

பரீட்சை முடியும்வரை விடுதியில் போனை வாங்கி வைத்துவிட்டார்களாமே. அதனால் இந்தக் காகிதம்.

கணக்கில் ஒன்பதுக்கு எட்டு வாங்கினால் இடம் உண்டு என்று அந்தக் கிழக்கு லண்டன் அரசு மேல்நிலைப் பள்ளி சொல்லிவிட்டதாம். ஊரே மோதும் இடம். சந்தோஷம். ஆனால் அப்பாவிடம் நீ மூச்சுவிடவில்லை. அண்ணன் நான் சொல்ல வேண்டுமாம். மாட்டேன். நான் பதினாறு வயதில், அப்பா படித்த உன் தனியார் பள்ளியை விட்டுக் காற்றாலை வேலை பழக வந்தபோது, ஓராண்டு என்னோடு பேசாத மனிதர். என் வாயால் கேட்டால் உன் ஆசை என் சதியாகிவிடும். நீயே சொல்.

கோரின்

விடுதி
ஜூன் 2

அன்புள்ள அண்ணா,

சொல்லத்தான் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அப்பா பழைய மாணவர் டையைக் கட்டிக்கொண்டு, "இன்னும் ரெண்டே வருஷம், என் பேருக்குக் கீழ உன் பேரும் பள்ளிக்கூட மண்டபத்துப் பலகையில ஏறிடும் பாரு" என்றார். அம்மா உருளைக்கிழங்கை நீட்டினாள். வாங்கித் தின்றேன். அவ்வளவுதான் என் வீரம்.

இங்கே கேள்வி முடியும்முன் பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே நேர்முகத்தின்போது ஒரு பையன் என் கணக்கைப் பலகையில் பார்த்து, "இந்த வரி எப்படி வந்துச்சு? சும்மா அடிச்சு விட்டியா?" என்றான். அடித்துத்தான் விட்டிருந்தேன். அந்தப் பையன்கள் நடுவில் உட்கார வேண்டும் அண்ணா.

முடிவு வரும் வாரம் அப்பா எல்லோருக்கும் பிரான்சுக்குப் பயணம் பதிவு செய்துவிட்டார். அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்பினால் போதாதா? நீ ஒரு வார்த்தை சொல்லேன்.

உன் தம்சின்

கிரிம்ஸ்பி
ஜூன் 11

தம்சின்,

போதாது. விதியைப் படித்தாயா, இல்லையா? முடிவு வரும் அன்றே, பகல் பன்னிரண்டுக்குள், நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். உன் பள்ளி மாதிரி நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்க மாட்டார்கள். சீக்கிரம் சொல்லித் தொலை. எனக்குப் பொறுமை கிடையாது, தெரியுமல்லவா.

கோரின்

வீடு
ஆகஸ்ட் 24

கோரின்,

போன் கையில்தான் இருக்கிறது. கூப்பிட்டால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

கணக்கில் ஒன்பது. இடம் கிடைத்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் நாயோடு நடக்கப் போகும்போது அப்பாவிடம் சொல்வதாக இருந்தேன். அம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தேன். அன்று காலையிலேயே அவர் போனில் உன் செய்தி: "உங்க டைக்காக அவ படிப்பைக் கெடுக்காதீங்க. நாளைக்கு அவளுக்கு லண்டன்ல சேர்க்கை." படித்துவிட்டு, பயணத்தை ரத்து செய்தார். சாயங்காலம் நாயை மட்டும் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார்.

மறுநாள் தனியாக ரயிலேறினேன். லண்டன் பள்ளி வாசல் வரிசையில் எல்லோரோடும் அம்மாவோ அப்பாவோ. பதினொன்றரைக்குப் பின்னாலிருந்து, "இதான் வரிசையா?" என்று ஒரு குரல். அப்பா. அதே டை.

"அதைக் கழட்டலையா?" என்றேன்.

"வேற டை எங்க இருக்கு எங்கிட்ட?"

வரிசை நகர்ந்ததும், "நீயே வந்து சொல்லியிருந்தா சரின்னிருப்பேனான்னு தெரியல. ஆனா காது குடுத்துக் கேட்டிருப்பேன்" என்றார்.

நீ நினைத்தபடியே இடம் கிடைத்தது. நான் சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் சொல்லப்படாமலே போய்விட்டது. இனி அதைச் சொல்ல முடியாது. அப்பாவுக்கு உன்மேல் கோபமில்லை. எனக்குத்தான்.

முதல் நாள் பள்ளிக்கு வழியனுப்ப வருகிறேன் என்றாயே. வர வேண்டாம். அப்பா வருகிறார். உன்னைக் கூப்பிடத் தோன்றும்போது நானே கூப்பிடுகிறேன், அதுவரை பொறுத்திரு.

தம்சின்