இறக்கத்தில் எஞ்சின் சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் அப்பா இன்னும் வீடு வந்து சேரவில்லை, அவர் வந்த பிறகு அந்த வரியை எழுதிக்கொள்கிறேன், இப்போதைக்கு நான் மட்டும் நலம். உன் இருமல் விட்டதா, ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடித்துக்கொள்ளாமல் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா. போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. உனக்குத் தைத்த சட்டைகளை நாளை பார்சலில் போடுகிறேன், இதை அதற்குள் மடித்து வைத்துவிடுவேன்.

பெட்ரோல் விலை ஏறியது உனக்கும் செய்தியில் வந்திருக்கும். இங்கே யாரைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். காய்கறிக்காரர் வண்டியை நம் தெருவுக்குக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார், முக்கில் நின்றுகொண்டு ஹாரன் அடிக்கிறார், நாம்தான் ஓட வேண்டும். போன வாரம் அப்பா முடிவெட்டப் போனால் அங்கேயும் விலை ஏற்றம், உன் கத்திரிக்கோல் பெட்ரோலிலா ஓடுகிறது என்று இவர் கேட்க, கத்திரிக்கோலு ஓடல சார், அதைப் பிடிக்கிற நான் ஸ்கூட்டர்லதான வர்றேன்னு அவன் சொல்லிவிட்டானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பாதித் தலையோடு எழுந்து வந்துவிடலாமா என்று தோன்றியதாம். நானும் பாலைக் குறைத்தேன், பழத்தைக் குறைத்தேன், பகலில் விசிறியைக்கூட நிறுத்திப் பார்த்தேன், எதுவும் நம் வண்டியின் டேங்குக்குப் பதில் சொல்லவில்லை. கடைசியில் அப்பாவின் பள்ளி வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வந்துகொண்டிருந்த அக்காவை நிறுத்த வேண்டியதாகிவிட்டது, அந்த வேலையை இப்போது உன் அம்மாதான் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது, முதலாளியோ முணுக்கென்றால் முறைக்கிறார், ஆனாலும் பிள்ளைகளோடு பொழுது நன்றாகத்தான் போனது, நான் அதைப் பார்க்கும் வரைக்கும்.

நம் தெருவுக்கு மேலே இருக்கும் இறக்கம் உனக்குத் தெரியாததா, நீ சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட இடம். பிள்ளைகள் எல்லாரும் மேட்டுக் குடியிருப்பில், பள்ளிக்கூடம் கீழே. காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தின் முனைக்கு வந்ததும் உன் அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுகிறார். வண்டி சத்தமே இல்லாமல் தானாக உருண்டு வருகிறது. எவ்வளவு நாளாக நடக்கிறதோ, எனக்குத் தெரிந்தது நான் வண்டியில் ஏறிய பிறகுதான். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு, எல்லாரும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள், இருப்பதிலேயே சின்னவள் மாமா வண்டி தூங்கிருச்சு, யாரும் பேசாதீங்க என்று கிசுகிசுக்கிறாள். உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெட்ரோல் கம்பெனியையே ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு. நானும் முதலில் சாமர்த்தியம்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அடிவாரத்தில் குப்பை லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இவர் பிரேக்கை மிதிக்கிறார், அது இறங்கவில்லை, கல்லை மிதித்தது போல நிற்கிறது. இருக்கையிலிருந்து எழுந்து இரண்டு காலையும் அதன்மேல் வைத்து நின்றார் பாப்பா. லாரியின் பின்பலகைக்கும் நமக்கும் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள், இதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கே அப்பாவின் சிநேகிதர், எல்லாரும் ஸ்பானர் என்று கூப்பிடும் மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். எஞ்சின் அணைஞ்சா பிரேக்குக்குப் பலம் கொடுக்க ஆளில்லைம்மா, ஒரு மிதி ரெண்டு மிதி கேட்கும், அப்புறம் கேட்காது, சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பிட்டா ஸ்டீயரிங்கும் பூட்டிக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நான் என்ன குடிச்சிட்டா ஓட்டறேன், இத்தனை வருஷத்துல ஒரு கீறல் உண்டா என்று மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பிறகு தணிந்து, வேற என்னதான் பண்ணச் சொல்ற என்று கேட்டார். வண்டிக் கட்டணத்தை இரண்டு தடவை ஏற்றியாயிற்று, இரண்டாவது தடவையில் இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அந்த அம்மாக்களையும் குறை சொல்ல முடியாது, ஒருத்தி நர்ஸ், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள், இன்னொருத்தியின் புருஷன் டாக்சி ஓட்டி அவரும் இதே நெருப்பில்தான் நிற்கிறார். யாரிடம் போய்க் கேட்பது. ஆனால் பிள்ளைகளைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்க முடியுமா. இனி ஒரு தடவை அணைத்தாலும் எல்லா அம்மாக்களிடமும் நானே சொல்லிவிடுவேன், அப்புறம் ஒரு பிள்ளையும் நம் வண்டியில் ஏறாது, நீங்களும் நானும் வண்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அது நடந்தால் நம் கதி என்ன என்பது எனக்குத் தெரியாதா.

அதற்குப் பிறகு எஞ்சினோடுதான் இறக்குகிறார். இன்று காலையும் அப்படித்தான், ஆனால் கண் ரோட்டில் பாதி, பெட்ரோல் முள்ளில் பாதி, யாரோ தன் தோலை உரிக்கிற மாதிரி முகம். மாலையில் கிளம்பும்போது, பசங்கள மேல விட்டுட்டுக் காலி வண்டியாத்தானே வரப்போறேன், நீ எதுக்கு, காலை நீட்டி உட்காரு என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கூட ஏறுகிற டீச்சர் கதவைப் பார்த்துக்கொள்வாராம். என்மேல் இந்தக் கரிசனம் எங்கிருந்து முளைத்தது என்று அப்போதே சுருக்கென்றது. காலி வண்டியென்றாலும் வேண்டாம், எனக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று வாசலிலிருந்தே கத்தினேன். இறக்கத்துல சாவியைத் தொட மாட்டேன், போதுமா என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். வாக்குக் கொடுத்தால் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடுதான், ஆனால் பெட்ரோல் விஷயத்தில் இப்போதெல்லாம் அவரை நம்ப முடியவில்லை.

அதனால்தான் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன், உன் சட்டைகளைப் பிரித்து மடித்தேன், காது மட்டும் மேட்டிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு சத்தம் கேட்டு ஓடினேன், எதிர்வீட்டு பிளம்பரின் ஸ்கூட்டர். நம் வண்டியின் சத்தம் எனக்கு அத்துப்படி, அந்தத் தளர்ந்த சைலன்சர் வளைவிலேயே ஊரைக் கூட்டிவிடும், எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது அது கேட்டால் போதும் என்றிருக்கிறது. வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நீயும் இருட்டிய பிறகு தனியாக நடந்து வராதே, நடந்தால் மிச்சம் என்று நினைக்கிற புத்தி உனக்கும் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்கிறது.

பேனாவை வைத்துவிட்டுப் போய் வந்து எழுதுகிறேன். கேட் திறந்தது, எஞ்சின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், நாளை அந்த அம்மாக்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் வண்டியைக் காணோம். உன் அப்பா மட்டும் ஒரு காலை இழுத்து இழுத்து வருகிறார், சட்டை நனைந்திருக்கிறது. வண்டியை மேலேயே ஸ்பானர் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறக்கம் முழுவதையும் நடந்தே வந்திருக்கிறார். கீழ கொண்டு வந்தா நாளைக்குக் காலியா மேல ஏத்தணும்ல, அதுக்கு எதுக்குப் பெட்ரோல், இறக்கத்துல சாவியைத் தொட மாட்டேன்னு சொன்னேன், தொட்டேனா பாரு என்று சாவியை என் கையில் வைத்தார். மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன முட்டி பாப்பா. எனக்குத் திட்டவும் வந்தது, அழுகையும் வந்தது, வெந்நீர் வைத்துவிட்டு வந்து இதை முடிக்கிறேன்.

கட்டணத்தைப் பற்றி அந்த அம்மாக்களிடம் நாளை நானே பேசப் போகிறேன், கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, போனில் வண்டிப் பேச்சையே எடுக்காதே, முட்டி எப்படிப்பா இருக்கு என்று மட்டும் கேள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நீ நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், மனசு நிறைய இருக்க வேண்டும், வேறு ஒன்றும் எங்களுக்கு வேண்டாம்.

முதலில் விட்ட வரியை இப்போது எழுதிவிடுகிறேன். நாங்கள் இருவரும் நலம். விடிந்ததும் இருவரும் மேட்டில் ஏறி நடக்க வேண்டும், தூங்கப் போகிறோம்.

இப்படிக்கு,
சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும்
உன் அம்மா