மீட்டர் ஏறிக்கொண்டே இருக்கிறது

9 அக்டோபர் 1995, திங்கள்

மழை. மூன்று நாளாகச் சத்தி ரோட்டுப் பக்கமே போகவில்லை. ரோலரில் ஒரு மணி நேரம் மிதித்தேன்.

அப்பா மில்லில் ஃபிட்டர். கூடத்தையும் மில்லாக்கிவிட்டார் என்று அம்மாவுக்கு முனகல். ரோலர் அவர் செய்ததுதான்: மூன்று இரும்பு டிரம். முன்னதையும் நடுவதையும் சேர்த்து மில்லில் கழித்துப்போட்ட நாடா ஓடுகிறது. மேலே சைக்கிளை ஏற்றி மிதித்தால் சக்கரம் சுற்றும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். பிடிமானம் கிடையாது. கொஞ்சம் கவனம் தப்பினால் சுவரோடு சம்பந்தம்தான்.

பின் டிரம்மில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார். அதுவும் மில் சாமான்தான். நூல் நீளத்தை அளந்தது, இப்போது என்னை அளக்கிறது. நூறு எண் ஏறினால் ஒரு கிலோமீட்டர்.

டிசம்பர் 10, பெருந்துறை ரோட்டில் சைக்கிள் பந்தயத் தேர்வு. மாநில அணியில் கோவைக்கு ஒரே இடம். கிடைத்தால் ரயில்வே வேலைக்கு வழி உண்டு. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்ற வேண்டியதுதான். எனக்குப் போட்டி என்றால் நவ்யா ஒருத்திதான்.

14 அக்டோபர், சனி

காலையில் குறித்து வைத்தது 4410. சாயங்காலம் வேலை விட்டு வந்து ஏறுமுன் பார்த்தால் 4436.

அம்மாவிடம் கேட்டேன். "எலி கிலி உருட்டியிருக்கும்."

எலி கால் கிலோமீட்டர் போகுமா?

17 அக்டோபர், செவ்வாய்

31 எண் கூடுதல். தொட்டியில் இரண்டு காபி டம்ளர். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலை முடித்துவிட்டு மூன்று மணிக்கு வருகிறாள். நான் வர ஆறாகும். அப்பாவுக்கு இந்த வாரம் பகல் ஷிஃப்ட். அப்படியென்றால் இரண்டாவது டம்ளர் யாருடையது?

"நவ்யா வந்துட்டுப் போச்சு. காலேஜ் சீக்கிரம் விட்டுட்டாங்களாம்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

காலேஜ் இருப்பது பீளமேட்டில். எங்கள் வீடு கணபதியில். காபி குடிக்க இவ்வளவு தூரமா?

24 அக்டோபர், செவ்வாய்

சீட் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. நான் பெயின்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஏமாற மாட்டேன்.

நவ்யா என்னைவிட அரைத் தலை உயரம். உயரமானவள் சீட்டை எதற்கு இறக்க வேண்டும்? என்னைக் குழப்பத்தான். எமகாதகி.

2 நவம்பர், வியாழன்

என் பழைய பேண்ட் கொடியில் காய்கிறது. நான் துவைக்கப் போடவில்லை.

என் ரோலர், என் சைக்கிள், இப்போது என் பேண்ட்டுமா!

8 நவம்பர், புதன்

நேராகவே கேட்டுவிட்டேன். பகலில் நவ்யா என் ரோலரில் ஓட்டுகிறாளா?

அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு இல்லாத சைக்கிளா கண்ணு?" என்றாள். சைக்கிள் இருக்கிறது, ரோலர் இல்லையே. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்குப் புரியாமல் இல்லை. நவ்யாவின் அப்பா வேங்கடசாமி சார்தான் மில்லில் எங்கள் அப்பாவுக்கு சூப்பர்வைசர். அவர் மகள் வந்து கேட்டால் அம்மாவால் முடியாது என்று சொல்ல முடியுமா? ஆனால் பெற்ற மகளிடம் மறைப்பது? அதுதான் வயிறு எரிகிறது.

12 நவம்பர், ஞாயிறு

மாட்டிக்கொண்டாள். பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோருமாக அன்னூர் வரை ஓட்டினோம். டீக்கடையில் நவ்யா என்னிடம் சொல்கிறாள்: "செல்வி, உன் ரோலர்ல பின் டிரம் கரகரங்குது. உங்கப்பாகிட்டச் சொல்லி பேரிங்குக்கு கிரீஸ் போட்டுக்கோ."

கரகரப்பு ஓட்டினால்தான் வரும். சும்மா பார்த்தவளுக்கு எப்படித் தெரியும்?

சரி என்று மட்டும் சொன்னேன். டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

16 நவம்பர், வியாழன். காலை

விளக்கெண்ணெய். பின் டிரம்மில், ஓரமாக, இரண்டு விரலால் தடவியிருக்கிறேன். சாயங்காலம் நான் ஏறுமுன் துடைத்துவிடுவேன். ஒருமுறை சறுக்கட்டும். பெரிதாக ஒன்றும் ஆகாது. முட்டி சிராய்த்தால் பத்து நாள் பயிற்சி போகும். திருடிக்குத் தேள் கொட்டின மாதிரி வெளியே சொல்லவும் முடியாது.

கையில் எண்ணெய் வாசம் போகவில்லை. பரவாயில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு.

17 நவம்பர், வெள்ளி

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று ஐந்து மணிக்குக் கம்பெனிக்கு ஃபோன் வந்தது. எலும்பு டாக்டர் கிளினிக்குக்கு ஓடினேன். பெஞ்சில் அம்மா. வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. அவசரமாகச் சுற்றிய சேலை, அதற்குக் கீழே கணுக்காலில் என் பழைய பேண்ட் தெரிந்தது. பக்கத்தில் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நவ்யா.

அம்மாதான். ஒரு மாதமாக அம்மாதான்.

"துவைக்கிற கல்லுல வழுக்கி உழுந்துட்டேன்" என்றாள் அம்மா. நவ்யா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். சரவணம்பட்டி பள்ளிக்கூடத்துக்கு பஸ் கிடைக்காமல் அம்மா பாதி நாள் நடந்துதான் போகிறாளாம். சைக்கிள் பழகித் தரச் சொன்னது அம்மாதானாம். "நாப்பத்திரண்டு வயசுல ரோட்டுல விழுந்தா ஊரே சிரிக்கும். ஊட்டுக்குள்ளன்னா யாருக்குத் தெரியும்?" என்றாளாம். பழகி முடித்துவிட்டு என் முன்னால் ஓட்டிக் காட்ட ஆசையாம். நவ்யா சீட்டைப் பிடித்துக்கொள்வாளாம்.

இரண்டும் லூசுகள்! ரோட்டில் பறக்கிறவர்களே ரோலரில் விழுவார்கள். பழகுகிறவளை யாராவது முதலில் ரோலரில் ஏற்றுவார்களா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே... கேட்கிற மாதிரியா நான் இருந்தேன்?

வீட்டுக்கு வந்ததும் ரோலரைப் பார்த்தேன். பின் டிரம் பளிச்சென்று இருக்கிறது. எண்ணெய் இல்லை. யார் துடைத்தது?

18 நவம்பர், சனி

அப்பாவின் துண்டு வாளியில் ஊறுகிறது. முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்.

அப்பா துடைத்தாரா, நவ்யா துடைத்தாளா? யாருக்கு விஷயம் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. யார் என்னைப் பார்த்தாலும் தெரிந்து பார்ப்பது போலவே இருக்கிறது.

29 நவம்பர், புதன்

மாவுக்கட்டோடு அம்மா இடது கையால் எனக்குத் தோசை ஊற்றுகிறாள். நான் ஊற்றுகிறேன் என்றால் விடுவதில்லை. "நீ போயி மிதி."

மிதிக்கிறேன். மீட்டர் நான் ஓட்டினதுக்கு மேல் ஒரு எண்கூட ஏறவில்லை.

10 டிசம்பர், ஞாயிறு

நான்தான் முதல். நவ்யா நான்கு விநாடி பின்னால். இறங்கியதும் வந்து கட்டிக்கொண்டாள். நான் மரம் மாதிரி நின்றேன்.

11 டிசம்பர், திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"தெரியும். வெளக்கெண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதாக்கும்? உன்ற தலைக்குத் தேச்சு வளத்தவ நானு. அந்தப் புள்ள ஆட்டோ கூப்பிடப் போனப்பவே துண்டுல தொடச்சுப்போட்டேன், அவ கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு."

உடைந்த கையை வைத்துக்கொண்டு துடைத்திருக்கிறாள். எனக்காக.

நான் அழுதேன். அதற்கும் அவள் இளகவில்லை. "எனக்கு வெச்ச எண்ணெய் இல்ல அது, எனக்குத் தெரியாதா? ஒடிஞ்சது என்ற கைங்கறதால அழுவுறே. அந்தப் புள்ள கை ஒடிஞ்சிருந்தா, நேத்து மெடல் வாங்கிட்டு சிரிச்சுட்டுத்தானே வந்திருப்பே?"

ஆமாம் என்பதுதான் பதில். அதை அவளிடம் சொல்லத் தைரியமில்லை, இங்கே எழுதுகிறேன்.

14 டிசம்பர், வியாழன்

நவ்யாவின் காலேஜ் வாசலில் காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "ஏன், என்னைக் கேட்டிருக்கலாமே" என்றாள். மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

28 டிசம்பர், வியாழன்

அம்மாவின் கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து வேறு யாருடைய கையோ போல் இருக்கிறது. நவ்யா வரவில்லை. அம்மா இரண்டுமுறை வாசலைப் பார்த்தாள்.

28 ஜனவரி 1996, ஞாயிறு

காலையில் வாசலில் ஒரு லேடீஸ் சைக்கிள். பழசு, ஆனால் துடைத்திருந்தது. நவ்யா என்னைத் தாண்டி உள்ளே போய், "வாங்கம்மா, இன்னைக்கு ரோட்டுலயே பழகலாம்" என்றாள்.

அம்மா ஊர் சிரிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்துவிட்டாள். பின்பக்க லேஅவுட் ரோட்டுக்குப் போனோம். நான் பத்தடி தள்ளி நின்றேன்.

நவ்யா திரும்பாமலே சொன்னாள்: "அந்தப் பக்கம் நீ புடி."

பிடித்தேன். அம்மா சீட்டில் உட்கார்ந்து ரோட்டை நீளமாகப் பார்த்தாள்.

"ஏன் அம்மணி, எண்ணெய் கிண்ணெய் கெடக்குதான்னு பாத்துட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நவ்யாதான் முதலில் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சைக்கிளை நவ்யாவிடம் விட்டுவிட்டு ரோட்டின் கடைசி வரை நடந்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.