தெற்கு நிலையத்துக் கோழிக் குழம்பு

செவ்வாய், வடக்கு நிலையம். பதிபவர்: ரூஃபினா மச்சாடோ, நுண்ணுயிரியலாளர்.

நாள் 212, 07:10
குளிர்பெட்டி 4 டிகிரி. உறைபெட்டி மைனஸ் 18. காற்று, நீர் சரி. நானூறு கிலோமீட்டர் தள்ளித் தெற்கு நிலையத்தில் இசக்கிராஜ் தனியாக இருக்கிறார். இந்தக் கோளில் எனக்கு வேறு ஆள் இல்லை. தினமும் 12:30க்குச் செயற்கைக்கோள் கடக்கும் பத்து நிமிடம் பேசுவோம். நேற்று கோழிக் குழம்பு வைத்தாராம். மாதிரிகள் எடுக்க ரோவரில் கிளம்புகிறேன். இரண்டு நாள்.

நாள் 214, 16:40
தூசிப் புயல். சூரியத் தகடுகள் மூடிக்கிடக்கின்றன. அறைச் சூடு அணுக்கலத்தில் ஓடுகிறது. பெட்டிகளுக்கு மின்சாரம் இல்லை. முப்பத்தொரு மணி நேரமாக இல்லை. குளிர்பெட்டிக்குள் 22 டிகிரி. உறைபெட்டியில் தண்ணீர்.
வெளியே மைனஸ் எழுபது. இப்போது கொண்டுபோய் வைத்தால் எல்லாம் உறையும். பயனில்லை. கிருமி தூங்கும், அது கக்கிய நஞ்சு அப்படியே இருக்கும். சோறு, பால், இறைச்சி எல்லாவற்றையும் கொட்டினேன்.
உலர் உணவு பதினெட்டு நாளுக்கு. மீட்புக் கப்பல் வர இருபத்தொரு நாள். குறைத்துச் சாப்பிடலாம்.

நாள் 215, 12:42
"டாக்டரே, இங்கயும் கரண்டு போயிட்டு. குழம்பு வாசமாத்தான் இருக்கு. நல்லா கொதிக்க வச்சா ஒண்ணும் செய்யாதுல்லா?"
"மோந்து பாத்துக் கண்டுபிடிக்க முடியாது இசக்கி. கொதிக்க வச்சா கிருமி சாகும், அது விட்ட விஷம் சாகாது. ரெண்டு மணி நேரமே அதிகம். கொட்டிருங்க."
"ஒங்களுக்கென்ன, பதினெட்டு நாளுக்கு இருக்குன்னு சொன்னீங்க. எனக்கு எட்டு நாளுக்குத்தான்."
பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது.

நாள் 216, 12:41
"தின்னுட்டேன் டாக்டரே. வாந்தி, வயித்தால போறது, காய்ச்சல். நிக்கவே மாட்டேங்கு."
ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு என்றேன். வாய் வாயாகக் குடிக்கச் சொன்னேன்.
"ஏசலியா என்னைய?"
"ஏசல. குடிங்க. நாளைக்கும் பேசுவேன்."

நாள் 217, 12:40
பதில் இல்லை. பேசத்தான் மின்சாரம் அதிகம் வேண்டும். கேட்கக் கொஞ்சம் போதும். அனுப்ப முடியாமல் அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். பத்து நிமிடமும் பேசினேன்.

நாள் 219, 12:40
பதில் இல்லை. எத்தனை கரண்டி உப்பு என்று திரும்பச் சொன்னேன். மீதி நேரத்துக்குக் காற்றின் வேகத்தை வாசித்தேன்.

நாள் 222, 12:55
மின்கலம் 9 சதவீதம். பத்து நிமிடப் பேச்சு, ஒரு மணி நேரக் காற்றுச் சுத்திகரிப்பைத் தின்கிறது. ஆறு நாளாக ஒரு சத்தம் இல்லை. இனி அனுப்பப் போவதில்லை. இசக்கிராஜ் இறந்துவிட்டதாகப் பதிவு செய்கிறேன்.

நாள் 230
பசி. யாரோடும் பேசாததில் தொண்டை கட்டிக்கொண்டது.

நாள் 235, 13:50
கப்பல் முதலில் தெற்கே இறங்கியது. கேப்டன் மேகவர்ணன் அழைத்தார்.
"டாக்டர், அவரோட நோட்டு இருக்கு. நீங்க பேசின ஒவ்வொரு நாளும் குறிச்சிருக்கார், உப்பு அளவு உட்பட. 223லேர்ந்து வேற மாதிரி எழுதியிருக்கார். படிக்கவா?"
படியுங்கள் என்றேன்.
"223, டாக்டர் பேசல. 224, பேசல. 225, கஞ்சி தங்குது, எழுந்து நடந்தேன். பேசல. 226, பேசல. அவங்களுக்கு என்னமோ ஆயிட்டு. 227, வண்டிய எடுத்துட்டு வடக்க போறேன்."
"ஆள் எங்க?"
"இங்க இல்ல டாக்டர். ரோவரும் இல்ல."

நாள் 235, 14:20
அந்த வண்டி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. அது அவருக்கும் தெரியும்.
கப்பலைத் தேடச் சொல்லிவிட்டேன். அவர் கிளம்பி எட்டு நாள் ஆகிறது. உடை மாட்டிவிட்டேன், நானும் கிளம்புகிறேன். வானொலி திறந்திருக்கிறது.
இசக்கி, வடக்கு நிலையம் பேசுறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் பேசல. கேக்குதா? இசக்கி